வலிக்கிற கை

…வலிப்பது வலது கை, ரத்தம் விட்டிருப்பது இடது கை, இது எப்படி என்று கந்தப்பன் நினைத்தான், ஒரே கம்பு, ஒரே மூங்கில், விடியலிலிருந்து இரண்டு கைகளும் மாறி மாறித்தான் அதைச் சுற்றிக்கொண்டிருக்கின்றன, வலது கையில் தோள்பட்டை முதல் விரல் நுனி வரைக்கும் நெருப்பு ஓடுகிறது, இடது கைக்கு மாற்றியதும் முழங்கைக்குக் கீழே எல்லாம் அடங்கிவிடுகிறது, யாரோ வேறொருவன் வந்து கம்பை வாங்கிக்கொண்ட மாதிரி… ஆனால் போன தடவை கை மாற்றிய அந்த நொடியில் பார்த்துவிட்டான், இடது உள்ளங்கையில் தோல் உரிந்து தொங்குகிறது, கம்பின் நடுவில் சிவப்பாக ஈரம். பார்த்திருக்கக் கூடாது. தூறல் விழுந்தால் கழுவிக்கொண்டு போய்விடும், பொகவந்தலாவையில் மத்தியானத்துக்கு மேல் தூறல் விழாத நாள் ஏது, இன்றைக்குப் பார்த்து மேகம் மலை உச்சியை விட்டு இறங்க மாட்டேன் என்கிறது. தேயிலை அரைக்கிற ஸ்டோருக்குக் கீழே இருக்கும் இந்த மைதானத்தைச் சுற்றி நாலு தோட்டத்துச் சனம் நிற்கிறது, ஞாயிற்றுக்கிழமை, காலைப் பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுக்க வேண்டியதில்லை, வேலை இல்லை, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, வெற்றிலையை மென்றுகொண்டு, எல்லோரும் அவன் முகத்தைப் பார்க்கிறார்கள், கம்பைப் பார்க்கிறார்கள், கையை யாரும் பார்க்கவில்லை, சுற்றுகிற கை யார் கண்ணுக்கும் நிற்காது, நின்றால்தான் தெரியும், அதனால் நிற்கக் கூடாது.

ஒலிபெருக்கியில் செல்லசாமி மறுபடியும் ஆரம்பித்துவிட்டான். தொழிற்சங்கத்துத் தலைவன், கந்தப்பனோடு ஒரே லயத்து வரிசை வீடுகளில் வளர்ந்தவன், மேடை கிடைத்தால் போதும், குரல் தானாகவே மாறிவிடும். பெரியோர்களே தாய்மார்களே, பதுளைப் பக்கத்து வீரர் ஒருவர் விடியற்காலை தொடங்கி விளக்கேற்றும் வரை கம்பு சுற்றிச் சாதனை செய்தார், நம்முடைய கந்தப்பன் இன்று அதை முறியடிக்கப் போகிறார், அதோ ஸ்டோர் வாசல் விளக்கு எரிந்த பிறகும் அவர் கம்பு சுற்றிக்கொண்டிருந்தால் இலங்கையிலேயே அவருக்கு நிகர் யாரும் இல்லை… உட்காரக் கூடாது, கம்பு தரையைத் தொடக் கூடாது, எந்தக் கையில் சுற்றினாலும் சரி, அவ்வளவுதான் சட்டம். கொழும்புக்குக் கூட்டிக்கொண்டு போவேன் என்று செல்லசாமி சொல்லியிருக்கிறான், பத்திரிகையில் படம் வரும் என்று சொல்லியிருக்கிறான், ஓட்டுரிமையையும் பிடுங்கிக்கொண்டார்கள், இந்த நாட்டு ஆள் இல்லை என்றும் சொல்லிவிட்டார்கள், நம்ம ஆள் ஒருத்தன் பேராவது அச்சிலே வரட்டும் கந்தா என்று கண் கலங்கச் சொன்னான், அவனிடம் எப்படிச் சொல்வது, எதைச் சொல்வது, நீ படம் பிடிக்கச் சொல்லும் இந்தக் கையை முதலில் பார் என்றா?

இரும்பு மனுசன் என்கிறார்கள். அட்டனில் தேர்த்திருவிழாவில் உள்ளங்கையில் கற்பூரக் கட்டியை ஏற்றிவைத்துக்கொண்டு அது முழுதும் எரிந்து அணையும் வரை நின்ற அன்றைக்கு வந்த பேர் அது. அவனுக்கு முன்னால் முயன்றவர்கள் பாதியிலேயே உதறிவிட்டார்கள், பெரிய பெரிய பயில்வான்கள், கத்திக்கொண்டே உதறினார்கள், இவன் சிரித்துக்கொண்டு நின்றான், நெருப்பைப் பார்த்துக்கொண்டே நின்றான், சூடு வரும், இப்போது வரும், வந்ததும் பல்லைக் கடித்துத் தாங்க வேண்டும் என்று காத்திருந்தான், வரவே இல்லை. முருகன் கருணை என்றார்கள், பெண்கள் காலில் விழுந்தார்கள், அவனும் அப்படித்தான் நம்பினான், நம்பியதில் என்ன தப்பு, விடிகாலையில் எழுந்து பனியில் வெறும் உடம்போடு கம்பு பழகியவனுக்கு இந்த வரம்கூடக் கிடைக்கக் கூடாதா… கற்பூரத்தை எந்தக் கையில் வைத்தாய்? இடது கையில். ஏன் இடது கை? தெரியாது, வலது கையில் கம்பு இருந்தது. அதற்கும் முன்னால் தை மாதத்துக் குளிரில் கெசல்கமு ஓயா ஆற்றில் கழுத்தளவு தண்ணீரில் பகல் முழுக்க நின்றானே, போட்டி போட்ட சிங்களப் பையன்கள் உதடு நீலம் பாரித்துக் கரையேறினார்களே, அதுவாவது அவனுடையதா? கால் விறைத்தது, ஆமாம், விறைக்கும் முன்னால் வலித்தது, எலும்புக்குள் ஊசி இறங்கியது, நன்றாக ஞாபகம் இருக்கிறது, வலித்தது… இல்லை, வலித்ததாக இப்போது நினைத்துக்கொள்கிறானா? எதுவரைக்கும் அவன், எங்கிருந்து அது? ஒரு கோடு போட முடிந்தால் நன்றாயிருக்கும், இதுவரைக்கும் நான் தாங்கினேன், இதற்குப் பிறகு தாங்கினதெல்லாம் நானில்லை என்று.

முதலில் கண்டுபிடித்தவள் பூரணி. அடுப்படியில் உட்கார்ந்து கதை பேசிக்கொண்டே சோற்றுப் பானையை இறக்கினான், எந்தத் தோட்டத்துக் கதை என்றுகூட இப்போது நினைவில்லை, அவள் சட்டென்று மூக்கைச் சுளித்து என்ன கருகுது என்றாள், அவனும் மோந்து பார்த்தான், ஆமாம், என்னமோ கருகுகிறது என்றான், அவள் பாய்ந்து வந்து அவன் கையைப் பிடித்து இழுத்த பிறகுதான் பார்த்தான், சுண்டுவிரல் தணல் மேலே கிடந்திருக்கிறது. விரலைத் தண்ணீர்ச் செம்புக்குள் அமிழ்த்திப் பிடித்தாள் அவள். தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டுகிற மலையிலிருந்து அவன் வரும்போதெல்லாம் கத்தி கிழித்த காயம் இடது கையில்தான் இருக்கிறது, வலது கையில் இல்லை, அதை அவள் எப்போதிருந்து கவனித்தாளோ. பத்து நாள் கழித்துக் காலையில் தேத்தண்ணீரை அவன் முன்னால் வைத்துவிட்டு, சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "ராத்திரி நீங்க தூங்குறப்ப ஊசியால குத்திப் பாத்தேங்க. இடது கையில குத்துனேன், அசையவே இல்ல. வலது கையில குத்துனேன், திட்டிக்கிட்டே முழிச்சீங்க." அவன் சிரித்தான். பயில்வானைக் குத்திப் பார்க்கிற பெண்சாதியை இன்றைக்குத்தான் பார்க்கிறேன் என்று சிரித்தான், அவள் சிரிக்கவில்லை, அவன் முழங்கைக்குக் கீழே வெளிறிக் கிடந்த திட்டைத் தொட்டாள், தேமல் புள்ள, மஞ்சள் பூசினால் போய்விடும் என்றான், பூசினாள், மூன்று மாதம் பூசினாள், போகவில்லை. அதன் மேல்தான் இப்போது சிவப்புத் துணி சுற்றியிருக்கிறான். நேர்த்திக்கடன் என்று சனங்கள் நினைக்கிறார்கள். மகளை அவன் இடது கையால் தூக்கி எவ்வளவு காலமாகிறது… அப்பா என்று ஓடி வரும், வலது கையை நீட்டுவான், இடது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்வான், அது ஏதோ விளையாட்டு என்று நினைத்துப் பிள்ளை முதுகுப் பக்கம் சுற்றி வந்து அந்தக் கையைத் தேடும்.

சொல்லைச் சொல்லிவிட்டால் என்ன, மனதுக்குள்தானே… பெருவியாதி. குஷ்டம். சொன்னதும் கம்பு ஒரு சுற்றில் தடுமாறியது, கூட்டம் ஓவென்றது, பிடித்துக்கொண்டான், செல்லசாமி அதையும் ஒரு வித்தையாக மாற்றி ஒலிபெருக்கியில் பாராட்டினான். கீழ் லயத்து மாயாண்டிக்கு வந்தபோது எல்லோரும்தான் பார்த்தார்கள், கவ்வாத்தில் கந்தப்பனுக்குப் பக்கத்து நிரையில் வெட்டிய மனுசன், ஒரு நாள் காலையில் மூடின வேன் ஒன்று வந்து ஏற்றிக்கொண்டு போனது, கடலோரத்தில் எங்கேயோ இதற்கென்றே ஆஸ்பத்திரி இருக்கிறது என்றார்கள், திரும்பி வரவில்லை. அவர் இருந்த காம்பரா அறைக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். அவர் பெண்சாதி எல்லோரும் போன பிறகுதான் பீலிக்கரைக்குத் தண்ணீருக்கு வருவாள், யாரும் வராதே என்று சொல்லவில்லை, அவளாகவே அப்படி வந்தாள். கந்தப்பனும் அந்தப் பக்கம் போகும்போது வேறு திசையில் பார்த்துக்கொண்டு போனவன்தான். பூரணி பீலிக்கரையில் கடைசி ஆளாக நிற்பாளா? பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் எங்கே உட்கார வைப்பார்கள்? டாக்டரய்யாகிட்ட காட்டுங்க என்று ஒவ்வொரு வாரமும் சொல்வாள், காட்டுகிறேன் என்பான், திருவிழா முடியட்டும், அடைமழை முடியட்டும், இந்தக் கம்பு சுற்று முடியட்டும்… முடியத்தான் போகிறது. அதோ குடைக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார், தோட்டத்து டிஸ்பென்சரியைப் பார்த்துக்கொள்ளும் மகாலிங்கம் ஐயா, யாழ்ப்பாணத்து மனுசர், படித்து வாங்கின பட்டம் எதுவோ, சனங்களுக்கு அவர் டாக்டரய்யா. ஆள் ஒருவன் மைதானத்தில் செத்து விழுந்தால் யார் பதில் சொல்வது என்று தோட்டத்துத் துரை கேட்டதனால் வந்து உட்கார்ந்திருக்கிறார். காலையில் ஒரு தரம் பக்கத்தில் வந்து கையைக் காட்டும் என்றார், வலது கையைக் காட்டினான். மத்தியானம் வந்தார், வலது கையைத்தான் காட்டினான், மற்றக் கை என்றார், அதில் கம்பு சுற்றிக்கொண்டிருந்தது. முடியட்டும், ரெண்டு கையையும் ஒண்டாப் பாப்பம் என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தார். அவர் பார்வை இன்னும் அந்தச் சிவப்புத் துணியில்தான் இருக்கிறது. விளக்கு எரியாமலேயே போனால்… விளக்கு எரிந்தால் மாலை விழும், தோளில் தூக்குவார்கள், அப்புறம் கம்பைக் கீழே வைக்க வேண்டும், கை நிற்கும்.

பூரணி கஞ்சிச் செம்போடு வட்டத்துக்குள் வந்தாள். கம்பைத் தலைக்கு மேலே உயர்த்திச் சுற்றிக்கொண்டே முழங்காலை வளைத்துக் குனிந்தான், அவன் அண்ணாந்த வாயில் அவள் ஊற்றினாள், உப்பு கூடுதலாக இருந்தது, தாடையில் வழிந்ததை முந்தானையால் துடைத்தாள், ஊரே பார்க்கும்போது அவள் இப்படித் துடைப்பவள் இல்லை. அவள் கண் மேலே போனது, கம்பைப் பிடித்திருந்த கையில் நின்றது, அங்கிருந்து ஒரு சொட்டு விழுந்து அவள் ரவிக்கைத் தோளில் கறையாகப் பரவியது. அவள் தோளைக் குனிந்து பார்த்தாள். அவன் வாய் நிறையக் கஞ்சியோடு அவளைப் பார்த்தான். "நோகுதாங்க?" என்று கேட்டாள், உதடு அசையாமல், அவனுக்கு மட்டும் கேட்கும்படி. நோகிறது என்று சொல்லியிருக்கலாம். வலது கை நோகிறது என்றாவது சொல்லியிருக்கலாம், அது பொய் இல்லை. கஞ்சியை விழுங்கினான், தலையை ஆட்டினான், ஆமாம் என்றா இல்லை என்றா, அவனுக்கே தெரியவில்லை. அவள் செம்பை எடுத்துக்கொண்டு போனாள், போகும்போது முந்தானையை இழுத்து அந்தக் கறையை மூடிக்கொண்டாள்.

பதுளைக்காரன் யார், எப்படி இருப்பான்? கந்தப்பன் அவனைப் பார்த்ததில்லை. மீசை வைத்தவனா, தன்னைவிட உயரமா, பிள்ளைகுட்டி உண்டா, எதுவும் தெரியாது, ஆனால் அவனுக்கு இரண்டு கையும் வலித்திருக்கும், அது மட்டும் நிச்சயம். வலதில் தாங்க முடியாமல் இடதுக்கு மாற்றியிருப்பான், இடதில் தாங்க முடியாமல் வலதுக்கு மாற்றியிருப்பான், மாற்றி மாற்றி எங்கேயும் ஆறுதல் இல்லாமல் விளக்கு எரியும் வரை போயிருக்கிறான், அப்புறம் வலி போதும் என்று சொல்லியிருக்கிறது, நிறுத்தியிருக்கிறான். அவனுக்குப் போதும் என்று சொல்ல ஒன்று இருந்தது. இவனுக்கு? இடது கையில் வைத்துக்கொண்டால் விளக்கு எரிந்தும் சுற்றலாம், எலும்பு தெரியும் வரை சுற்றலாம், சொல்வதற்கு ஆள் இல்லாத வீடு மாதிரி இருக்கிறது அந்தக் கை. இப்படி அவனை ஜெயித்தால் அது என்ன ஜெயிப்பு? வெறும் கம்போடு நின்றவனை ஒளித்து வைத்த கத்தியால் வெட்டுகிற மாதிரி அல்லவா… சட்டத்தில் எந்தக் கை என்று இல்லையே. இல்லைதான். யாருக்குத் தெரியப் போகிறது. பூரணிக்குத் தெரியும். டாக்டரய்யாவுக்குக் கொஞ்ச நேரத்தில் தெரியும். அதெல்லாம் இருக்கட்டும், படம் பத்திரிகையில் வந்தால் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கப்போவது யார், இவனா, அதுவா? கம்பு இடது கையிலிருந்து வலது கைக்கு வந்தது. வந்ததும் நெருப்பு ஏறியது. இருக்கட்டும், இனி மாற்றுவதில்லை, விளக்கு வரைக்கும் இந்தக் கையில்தான்.

வெயில் மங்கி எதிர் மலையின் தேயிலை நிரைகள் ஒவ்வொன்றாகக் கறுத்துக்கொண்டு வந்தன. மணிக்கட்டில் ஆரம்பித்து முழங்கைக்கு வந்தது, முழங்கையில் கொஞ்ச நேரம் நின்று கொதித்தது, தோளுக்கு ஏறியது, கழுத்து நரம்பைப் பிடித்து இழுத்துப் பல் வரைக்கும் வந்தது, வலி என்றால் இதுதான், இதோ இருக்கிறது, எங்கேயும் போகவில்லை, இந்தப் பக்கம் முழுக்க இருக்கிறது என்று ஒரு கிறுக்குச் சந்தோஷம் வந்தது அவனுக்கு, சிரித்தான் போலும், கூட்டத்தில் யாரோ பாரு சிரிக்கிறாரு என்றார்கள். சந்தோஷம் கொஞ்ச நேரம்தான். அப்புறம் வலி மட்டும் இருந்தது. தாங்குவது என்றால் என்ன என்பதே மறந்து போயிருந்தது அவனுக்கு, எத்தனை வருசமாகத் தாங்காமலே தாங்கினவன் என்று பேர் வாங்கியிருக்கிறான், இப்போது உண்மையாகத் தாங்க வேண்டி வந்தபோது உடம்பு ஒரு சாதாரண ஆளின் உடம்பாக இருந்தது, பயந்தது, கெஞ்சியது, கண்ணில் நீர் முட்டியது. ஒலிபெருக்கியை விட்டுவிட்டுச் செல்லசாமி வட்டத்தின் ஓரத்துக்கே வந்துவிட்டான், மேடைக்குரல் போய் லயத்துக் குரல் வந்திருந்தது, கந்தா கையை மாத்து, இடது கைக்கு மாத்துடா, ஏன்டா மாத்த மாட்டேங்கிற, இன்னும் கொஞ்ச நேரம்தான்டா… காது கேட்டது, கந்தப்பன் அவனைப் பார்க்கவில்லை. ஸ்டோர் வாசலில் விளக்கேற்றும் ஆள் ஏணியைச் சாத்துவது தெரிந்தது. ஏறினான். கண்ணாடியைத் துடைத்தான், எதற்கு இப்போது துடைக்கிறான், தினமும் துடைக்கிறவனா… விரல் ஒவ்வொன்றாகத் திறப்பதைக் கந்தப்பன் உணர்ந்தான், ஒவ்வொன்றும் எப்படிப் போகிறது என்று துல்லியமாகத் தெரிந்தது, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல், பிடி பிடி என்று சொன்னான், கை கேட்கவில்லை. கம்பு பறந்து போய்ப் புல்லில் விழுந்து இரண்டு தரம் துள்ளி அடங்கியது. அதற்குப் பிறகுதான் விளக்கு எரிந்தது.

யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். அடடா என்ற சத்தம் ஒன்று மைதானம் முழுக்கக் கிளம்பி அமுங்கியது, வாங்கி வைத்த மாலையை என்ன செய்வது என்று தெரியாமல் ஒருவன் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான். செல்லசாமி பக்கத்தில் வந்து தோளில் துண்டைப் போர்த்தினான், ஏன் மாத்தல என்று ஒரே ஒரு தரம் கேட்டான், சரி விடு என்று தானே சொல்லி முகத்தைத் துடைத்துக்கொண்டு ஒலிபெருக்கியைக் கழற்றப் போனான். அவனிடமும் சொல்ல வேண்டும், நாளைக்கோ நாளை மறுநாளோ, சொன்ன பிறகும் இதே மாதிரி தோளைத் தொட்டுத் துண்டு போர்த்துவானா, தெரியாது. சனம் லயங்களைப் பார்த்து ஏற ஆரம்பித்தது, பேசிக்கொண்டே ஏறியது, பாதிப் பேர் அடுப்பு மூட்டுவதைப் பற்றிப் பேசினார்கள். கந்தப்பன் புல்லில் உட்கார்ந்திருந்தான், வலது கையை மடியில் போட்டிருந்தான். மகாலிங்கம் ஐயா குடையை மடக்கிக்கொண்டு வந்து எதிரே குந்தினார், வேட்டி ஈரத்தில் படுவதைப் பொருட்படுத்தவில்லை. அவர் கேட்பதற்கு முன்னால் கந்தப்பன் இடது கையை நீட்டினான். நீட்டியது அவன்தானா என்று அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது. சிவப்புத் துணியை அவிழ்த்தது பூரணி. அவள் எப்போது வந்தாள்? திட்டு விளக்கு வெளிச்சத்தில் வெளிறித் தெரிந்தது, ஐயா அதைப் பார்த்தார், உரிந்த உள்ளங்கையைப் பார்த்தார், அப்புறம் கந்தப்பனின் முகத்தைப் பார்த்தார், முகத்தை நெடுநேரம் பார்த்தார்.

"இதுக்கு இப்ப குளிசை இருக்கு," என்றார் தணிந்த குரலில். "அந்தக் காலம் மாதிரி இல்லை. முதல்ல பாப்பம். கண்ணை மூடும் கந்தப்பன். நான் தொடேக்க எந்த விரல் எண்டு சொல்லும்."

கண்ணை மூடினான். மூடியதும் வலது கையின் வலி பெரிதாகி உடம்பு முழுவதும் அதுவே ஆனது, அது ஒன்றுதான் அவன் இருக்கிற இடம், இந்தப் பக்கம் முழுக்க வீடு, அந்தப் பக்கம் வெறும் இருட்டு… ஒலிபெருக்கிக் கம்பியைச் சுருட்டும் சத்தம், ஆற்றுச் சத்தம், மேலே லயத்தில் பிள்ளைகள், இருமல், எல்லாம் கேட்டன. குளிசை என்றால் எவ்வளவு நாள் விழுங்க வேண்டும், மூடின வேன் வருமா வராதா, கேட்க வேண்டும், அப்புறம் கேட்கலாம், இப்போது கவனமாக இருக்க வேண்டும், தொடுவார், தொட்டதும் சொல்ல வேண்டும், இத்தனை வருசம் வலி வரும் வரும் என்று காத்திருந்தது போதாதென்று இப்போது ஒரு தொடுகைக்குக் காத்திருக்க வேண்டியிருக்கிறது. காத்திருந்தான். மனுசர் ஏன் இவ்வளவு தாமதிக்கிறார், பஞ்சு எடுக்கிறாரோ, மூக்குக் கண்ணாடியைத் துடைக்கிறாரோ… அப்போது பக்கத்தில் பூரணி மூச்சை உள்ளே இழுத்து நிறுத்துவது கேட்டது. வெளியே விடவில்லை. ஐயாவும் ஒன்றும் சொல்லவில்லை. அப்படியென்றால் தொட்டுவிட்டார் என்று கந்தப்பனுக்குப் புரிந்தது, எந்த விரலை என்று கேட்டால் என்ன சொல்வது, இறுக மூடிய கண்களுக்குள் அவன் அவள் மூச்சு திரும்ப வருவதற்காகக் கவனித்துக்கொண்டிருந்தான்.